அப்பாவின் கழுத்துப் படம்

முதல் தடவை எடுத்த ஸ்கான் படம் கலங்கிப் போனதற்கு அப்பாவின் குடிதான் காரணம் என்று எழுதிவிட்டார்கள். கிளினிக் கொப்பியில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. நான் பத்தாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான். அந்த வரியை வாசிக்கப் பத்தாம் ஆண்டு போதும்.

அப்பா குடிப்பதில்லை. குருநகரில் ஒரு கடற்றொழிலாளியைப் பற்றி இப்படிச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர் சங்கு குளிக்கிறவர். இந்தக் காலத்துப் பெடியங்களைப் போல சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்குகிறவர் அல்ல. கண்ணாடியை மாட்டி, ஒரே ஒரு மூச்சை இழுத்து நிரப்பி, நாலு பாகம், நாலு ஆள் ஆழத்துக்குப் போய், சேற்றைத் தடவிச் சங்கோடு மேலே வருகிறவர். பத்தொன்பது வயதில், குடித்துவிட்டு இறங்கிய கூட்டாளியைக் கீழேயிருந்து தூக்கி வந்ததும் அவர்தான். அதற்குப் பிறகு நத்தார்ப் பண்டிகைக்கு ஊற்றுகிற வைனைக்கூட அவர் தொட்டதில்லை.

ஆனால் போன மாரியிலிருந்து அவருடைய நடை குடிகாரனின் நடையாகிவிட்டது. கால்களை அகட்டி, நிலத்தைப் பார்த்துப் பார்த்து நடந்தார். பஞ்சு மூட்டைக்கு மேலே நடக்கிற மாதிரி இருக்கிறது என்றார். சேட்டுக்குப் பொத்தான் பூட்ட அரை மணித்தியாலம் எடுத்தது. செபமாலை சொல்லும்போது எந்த மணியில் நிற்கிறோம் என்று விரலுக்குத் தெரியாமல் ஒரே மணியில் மூன்று தரம் நின்றார். தலையைக் குனிந்து தண்ணீருக்குள் பாய்ந்தால் பிடரியிலிருந்து முதுகு நீளத்துக்குக் கரண்ட் அடித்தது. கடலில் சொறி என்கிற இழுதுமீன் பட்டு எரிகிறது என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு குசினிக்குள் சோற்றுக் கோப்பையைக் குனிந்து பார்த்தபோதும் அடித்தது. குசினிக்குள் ஏது சொறி?

கடைசியாகத் தொழிலுக்குப் போன நாளில் சங்கு என்று நினைத்து மூன்று தரம் கல்லை எடுத்து வந்தார். அதோடு வள்ளக்காரர் அவரைக் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். ஒழுங்கை முகப்பில் அவர் விழுந்த அன்று, "நீக்கிலாப்பிள்ளை இப்ப பகலிலையும் துடங்கிட்டார்" என்று யாரோ சொன்னது எங்கள் வீட்டுக்குள் கேட்டது. அம்மா வெளியே போய்ச் சண்டை பிடித்தா. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

சத்திரசிகிச்சை டொக்டர் நிவேதனா எதையும் கேட்காமல் முதலில் அப்பாவின் கையைத்தான் பிடித்தார். நடுவிரல் நகத்தைச் சுண்டிவிட்டார். பெருவிரல் தன்பாட்டில் துள்ளியது. முழங்காலில் தட்டினார். கால் மேசையை உதைத்தது.

"கழுத்து எலும்பு வளந்து நரம்பை நெரிக்குது ஐயா" என்றார். "மூளையிலையிருந்து கை காலுக்குப் போற பெரிய வடம் ஒண்டு இருக்கு. அதுதான் நெரிபடுது. போன பலம் திரும்பி வரும் எண்டு நான் சொல்லமாட்டன். மிச்சத்தைக் காப்பாத்தலாம். ஆனால் எந்த எலும்பு, எத்தினை இடம் எண்டு படத்திலை பாக்காமல் கத்தி வைக்கேலாது."

அம்மா கொப்பியைத் திறந்து அந்த வரியைக் காட்டினா. "இவர் குடிக்கிறேல்லை டொக்டர். சத்தியமா."

"குடிக்கிறாரோ இல்லையோ, எனக்குப் படம் வேணும். வைகாசி பதினாலு, காலமை எட்டு மணி. அதையும் விட்டால் அடுத்த திகதி புரட்டாதியிலைதான். புரட்டாதிக்கு இவர் நடந்து வரமாட்டார்."

வைகாசி பதினாலில் அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அவ நண்டு கொம்பனியில் சதை எடுக்கிறவ. அண்ணை தம்பி எனக்கு இல்லை. ஆகவே நான்தான் போகவேண்டும் என்று வந்தது.

கடையில் ஒரு தேங்காய் கேட்பதற்கே மனதுக்குள் பத்துத் தரம் சொல்லிப் பார்க்கிறவள் நான். பள்ளிக்கூடத்தை விட்டதும் அதனால்தான். எழும்பி நின்று பதில் சொல் என்றால் குரல் வராது. வகுப்பு சிரிக்கும், ரீச்சரும் சிரிப்பார். ஒரு திங்கட்கிழமை நான் போகவில்லை. பிறகு எந்தத் திங்கட்கிழமையும் போகவில்லை.

"லவீனா, நீ ஒண்டும் கதைக்கத் தேவையில்லை" என்றா அம்மா. "விழாமல் பிடிச்சுக்கொண்டு போ, பிடிச்சுக்கொண்டு வா. சரியே?"

"கதையாமல் இருக்கிறதுக்கு உவளை விட்டால் ஆள் ஏது?" என்றார் அப்பா.

ஸ்கான் அறைக்குப் பொறுப்பாக இருந்தவர் ஜெயனி மிஸ். முப்பது வயது இருக்கும். கேள்விகளைக் கேட்டுக்கொண்டே பதிலை எழுதிக்கொண்டே அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

"உடம்பிலை சண்டைக் காலத்துச் செல் துண்டு, சன்னம் ஏதும் கிடக்கோ ஐயா?"

"இல்லைப் பிள்ளை. எல்லாம் எனக்குப் பக்கத்திலை நிண்டவனுக்குத்தான் பட்டது."

"பல்லுச் செற்? மோதிரம்? கழுத்திலை கிடக்கிற பதக்கத்தையும் கழட்டுங்கோ."

பதக்கத்தின் கொழுவியை அப்பாவின் விரல்களால் திறக்க முடியவில்லை. நான் கழற்றி என் கைக்குள் வைத்துக்கொண்டேன். தள்ளுவண்டி தள்ளுகிற சுரேஸ் அண்ணை அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜெயனி மிஸ் அப்பாவைப் படுக்க வைத்து, முகத்துக்கு மேலே கூடு மாதிரி ஒன்றைப் பூட்டினார். "அசையக்கூடாது ஐயா. இருமக்கூடாது. எச்சிலும் விழுங்காமல் இருந்தால் நல்லம். ஒவ்வொரு படமும் மூண்டரை நிமிசம். சத்தம் பெரிசாக் கேக்கும், பயப்பிடாதேங்கோ. அசையாமல் கிடக்க ஏலும்தானே?"

"அதுதானே பிள்ளை என்ரை தொழில்" என்றார் அப்பா.

என்னைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், ஜெயனி மிஸ்ஸுக்குப் பின்னால் ஒரு கதிரையில் இருத்தினார்கள். தட்டு அப்பாவை உள்ளே கொண்டுபோனது. இடுப்புக்குக் கீழேயும், வயிற்றில் போர்த்திய வெள்ளைத் துணியின் ஒரு பகுதியும்தான் வெளியே தெரிந்தது. பிறகு சத்தம் தொடங்கியது. ஸ்டார்ட் எடுக்காத என்ஜினை விடாமல் இழுக்கிறதைப் போல ஒரு சத்தம்.

படம் வந்தது. ஒரு கழுத்து எலும்புக்கு மூன்று கழுத்து எலும்பு. கல் விழுந்த தண்ணீரில் நிழல் தெரிகிற மாதிரி. ஜெயனி மிஸ் சூள் கொட்டினார். திரும்ப எடுத்தார். திரும்பவும் அதே கலக்கம்.

"நான் அப்பவே சொன்னனான் மிஸ்" என்றார் சுரேஸ் அண்ணை. "போன முறையும் இவர்தானே. உள்ளுக்கை ஏத்திக்கொண்டு வந்தால் நடுங்கத்தான் செய்யும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "என்ன தங்கச்சி, காலமையே போட்டிட்டுத்தான் வந்தவரோ?"

என் காது சுட்டது. இல்லை என்கிற ஒரே ஒரு சொல். மனதுக்குள் பத்துத் தரம் சொல்லிப் பார்த்தேன், வெளியே வரவில்லை. அவர் அதை ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொண்டு சிரித்தார்.

ஜெயனி மிஸ் மூன்றாம் தரம் தொடங்கினார். அந்த நாசமாய்ப் போன படத்தைப் பார்க்க எனக்கு விருப்பம் இல்லை. கண்ணாடிக்குள்ளால் அப்பாவையே பார்த்தேன். வயிற்றில் கிடந்த வெள்ளைத் துணி அசையவில்லை. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. என்னை அறியாமலே எண்ணத் தொடங்கியிருந்தேன்.

மாரியில் கடலுக்குப் போக முடியாத நாட்களில் அப்பா நிலத்தில் பாயைப் போட்டு மல்லாந்து படுத்து மூச்சடக்கிப் பழகுவார். எண்ணுவது என் வேலை. நூறைத் தாண்டி எண்ண நான் பழகியது பள்ளிக்கூடத்தில் அல்ல, அந்தப் பாய்க்குப் பக்கத்தில். ஒரு விரல் அசைந்தாலும் மூச்சு வீணாகிவிடும் என்பார். அசையாமல் கிடப்பதும் மூச்சை விடாமல் கிடப்பதும் அவருக்கு இரண்டு வேலை அல்ல.

நூற்று நாற்பத்தைந்தில் துணி துள்ளியது. இடுப்பிலிருந்து கால் வரை முழு உடம்பும் வலையில் ஏறிய மீனைப் போல ஒருதரம் உதறி அடங்கியது. சத்தம் ஓய்ந்து திரையில் வந்த படமும் கலங்கியிருந்தது.

சொன்னதை அவர் செய்திருக்கிறார். சொன்னதற்கு மேலாகச் செய்திருக்கிறார். முதல் தடவையும் இதைத்தான் செய்திருப்பார். அதற்குத்தான் அந்த வரியை எழுதினார்கள்.

"காணும், இவ்வளவோடை விடுவம்" என்று ஜெயனி மிஸ் பெருமூச்சு விட்டார். "வேற ஆக்கள் நிக்கினம். சுரேஸ், ஆளை இறக்குங்கோ. புரட்டாதிக்குப் போட்டுவிடுவம்."

சுரேஸ் அண்ணை தள்ளுவண்டியை அப்பா கிடந்த அறையின் வாசலுக்குத் திருப்பினார். நான் எழும்பிப் போய் வாசலில் நின்றேன். வண்டியின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"விலத்துங்கோ தங்கச்சி."

"விலத்தமாட்டன்."

அது என் குரல்தான். பழக்கமில்லாத குரல். பெரிதாகவே வந்தது.

"என்ன நடந்தது பிள்ளை?" என்று ஜெயனி மிஸ் திரும்பினார்.

"அவர் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு கிடக்கிறார் மிஸ். நான் எண்ணினனான். நூற்று நாப்பத்தைஞ்சு. அதுக்குப் பிறகு ஏலாமல் இழுக்கிறார், அப்பதான் உங்கடை படம் கலங்குது. அவர் சங்கு குளிக்கிறவர். அசையாதை எண்டால் அவருக்கு அதுதான்." நிற்பாட்டத் தெரியவில்லை எனக்கு. சுரேஸ் அண்ணையைப் பார்த்தேன். "அவர் குடிக்கிறேல்லை. வேணுமெண்டால் நீங்கள் போய் வாயை மணந்து பாருங்கோ அண்ணை."

ஜெயனி மிஸ் சிரிப்பை அடக்கினாரா, கோபத்தை அடக்கினாரா தெரியவில்லை. ஒலிவாங்கிப் பொத்தானை அமத்தினார். "ஐயா, நீங்கள் மூச்சைப் பிடிச்சுக்கொண்டோ கிடக்கிறியள்?"

ஒலிபெருக்கிப் பெட்டிக்குள்ளால் அப்பாவின் குரல் வந்தது. பெருமையாக இருந்தது அந்தக் குரல். "ஓம் பிள்ளை. ஒரு துளி அசையேல்லைத்தானே?"

சுரேஸ் அண்ணை வண்டியிலிருந்து கையை எடுத்தார்.

"ஐயோ, விடுங்கோ ஐயா! சும்மா மூச்சை எடுத்து விடுங்கோ. மெல்லமா. சரியோ?"

"சரி பிள்ளை."

நாலாம் தரம் தொடங்கியது. சத்தம் கேட்ட கணத்திலேயே துணி நின்றுபோனது. ஜெயனி மிஸ்ஸும் இப்போது அதைப் பார்த்தார். உடனே நிற்பாட்டினார்.

"என்ன ஐயா, திரும்பவும்?"

"நான் பிடிக்கேல்லைப் பிள்ளை. உந்தச் சத்தம் துடங்க நெஞ்சு தானாப் பூட்டுது."

ஜெயனி மிஸ் மணிக்கூட்டைப் பார்த்தார். வெளியே வாங்கில் ஆறேழு பேர் காத்திருந்தார்கள். ஒரு அம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனா.

"நான் உள்ளுக்கை போறன்" என்றேன்.

"உள்ளுக்கை ஒருத்தரையும் விடுறேல்லை" என்றார் சுரேஸ் அண்ணை.

"ஏன்?"

அவர் ஜெயனி மிஸ்ஸைப் பார்த்தார். ஜெயனி மிஸ் என்னைப் பார்த்தார். "விடலாம்" என்றார் மெதுவாக. "உடம்பிலை ஒரு இரும்பும் இருக்கக்கூடாது. ஊசி, கிளிப், தோடு, எல்லாத்தையும் கழட்டு. ஒருக்காத்தான் பிள்ளை. உதுவும் பிழைச்சால் நான் வேற ஒண்டும் செய்யேலாது."

தலைமயிர்க் கிளிப்பைக் கழற்றினேன், பாவாடையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றினேன், தோட்டைக் கழற்றினேன். அப்பாவின் பதக்கத்தையும் அந்தத் தட்டில் போட்டேன். காதுக்குப் பஞ்சு மாதிரி ஒன்று தந்தார்கள். உள்ளே குளிர். ஸ்கான் குழாயின் வாயில் குனிந்து கத்தினேன்.

"அப்பா, நான் லவீனா."

"நீ என்னத்துக்கு உள்ளுக்கை வந்தனீ?"

"வள்ளத்திலை நிக்கிறவர் உங்கடை இடுப்புக் கயித்தை ஒருக்கா இழுத்தால் என்ன அர்த்தம்?"

"மேலை வா எண்டு."

"நான் காலிலை ஒருக்கா அமத்தினால் நீங்கள் மேலை வாறியள். மூச்சை எடுத்து, மெல்லமா விட்டிட்டுத் திரும்பக் கீழை போறியள். திரும்ப அமத்துவன், திரும்ப வாறியள். எத்தினை தரம் அமத்துறனோ அத்தினை தரம். விளங்குதோ?"

"உப்பிடி அடிக்கடி மேலை வந்தால் ஒரு சங்கும் எடுக்கேலாது" என்றார்.

"இண்டைக்குச் சங்கு வேண்டாம்."

பாதத்தை அமத்தினேன். "தெரியுதோ?"

"என்ன?"

கணுக்காலை அமத்தினேன். கெண்டைக்காலை அமத்தினேன், நகம் பதியும்படி. "இப்ப?"

"இல்லைப் பிள்ளை. துடங்கிட்டியே?"

முழங்காலில் வைத்தேன். இல்லை. முழங்காலுக்கு மேலே ஒரு சாண் போனபிறகுதான், "ஓம், உதிலை தெரியுது" என்றார். விறைப்பு இவ்வளவு தூரத்துக்கு ஏறியிருக்கிறது என்று அவர் எங்களுக்குச் சொன்னதில்லை. சேற்றுக்குள் சங்கை முதலில் காலால்தான் கண்டுபிடிப்பார் அவர். எனக்கு அழுகை வரவில்லை. அந்த வரியை எழுதின கையைப் பிடித்து இந்த முழங்காலில் வைக்கவேண்டும் போல இருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜெயனி மிஸ் கையை உயர்த்தினார். சத்தம் தொடங்கியது. துணி நின்றது. நான் அமத்தினேன். ஒன்றும் இல்லை. இன்னொருதரம் அமத்தினேன். துணி மெல்ல ஏறியது, மெல்ல இறங்கியது. அமத்தினேன். ஏறியது, இறங்கியது. மூன்றரை நிமிடம் எவ்வளவு நீளம் என்று மூச்சைப் பிடித்து எண்ணுகிறவர்களுக்குத்தான் தெரியும். நான் அவரோடு சேர்ந்தே மூச்சு விட்டேன், இல்லாவிட்டால் பிசகிவிடும். சத்தம் நின்றபோது ஜெயனி மிஸ் இரண்டு கையையும் தூக்கிச் சரி என்று காட்டினார்.

அப்படி ஐந்து படம். மூன்றாவதற்கும் நாலாவதற்கும் இடையில் சுரேஸ் அண்ணை கதவைத் திறந்தார். நேரமாகிறது என்று சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்து நான் முறைத்தேன். அவர் ஒரு போர்வையைக் கொண்டுவந்து என் தோளில் போட்டுவிட்டுப் போனார்.

எல்லாம் முடிந்ததும் ஜெயனி மிஸ் என்னைத் திரைக்கு முன்னால் கூப்பிட்டார். "பார்."

கழுத்து பக்கவாட்டில் தெரிந்தது. எலும்புகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக, தெளிவாக. அவற்றுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு வடம். அதற்கு இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு.

"வெள்ளை, தண்ணி. வடம் அதுக்குள்ளைதான் மிதக்கவேணும். இஞ்சை பார், நாலாம் எலும்பிலையிருந்து ஆறாம் எலும்பு மட்டும். தண்ணி இருக்கோ?"

இல்லை. அந்த இடத்தில் வெள்ளைக் கோடு இரண்டு பக்கமும் அறுந்துபோயிருந்தது. வடம் தட்டையாக நசுங்கிக் கிடந்தது. நசுங்கின இடத்துக்குள்ளே பால் சிந்தியதைப் போல ஒரு வெள்ளைப் பொட்டு.

"வடத்துக்குள்ளை வெள்ளை தெரியிறது நல்லதில்லை" என்றார். "ஆனால் இப்ப தெரிஞ்சிட்டுது. இந்தப் படத்தை ஒருத்தரும் பிழை சொல்லேலாது."

சுரேஸ் அண்ணையும் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இதாலையோ அவர் தள்ளாடுறவர்?" என்றார்.

"ஓம்" என்றேன். "இதாலைதான்."

வியாழக்கிழமை நிவேதனா டொக்டர் அந்தப் படத்தைக் கனநேரம் பார்த்தார். "திங்கக்கிழமை செய்வம்" என்றார். "முன்பக்கத்தாலை போய் அந்த எலும்பை எடுத்து, வடத்துக்கு இடம் விடப்போறன். விரல் திரும்புமோ எண்டு தெரியாது. ஆனால் இதுக்கு மேலை போக விடமாட்டன்."

"பிறகு கடலுக்குப் போகலாமோ?" என்று அப்பா கேட்டார்.

"இல்லை ஐயா. குளிக்கிற வேலை இனி இல்லை."

அப்பா தன் கைகளைப் பார்த்தார். பிறகு எழும்ப முயன்றார். "அப்ப வேண்டாம் டொக்டர். கடல் இல்லையெண்டால் என்னத்துக்கு வெட்டுறது? கிடக்கட்டும்."

அம்மா வேலையில் நின்றா. அறையில் இருந்தது நான்தான். அவருடைய தோளைப் பிடித்து அமத்தி இருத்தினேன்.

"ஆருக்குக் கிடக்கட்டும்? கடலுக்குப் போகாட்டில் நீங்கள் ஆளில்லையோ? அம்மா நாள் முழுக்க நண்டு உடைச்சிட்டு வந்து உங்களைத் தூக்கிக் குளிப்பாட்டவோ? நான் உங்கடை மூச்சை எண்ணி எண்ணி அந்தப் படத்தை எடுத்தது வீட்டிலை மாட்டவோ? நீங்கள் வேண்டாமெண்டு சொல்லுவியள். நான் விடமாட்டன்."

அப்பா என்னை அண்ணாந்து பார்த்தார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. "உவள் இவ்வளவு கதைப்பாள் எண்டு எனக்குத் தெரியாது டொக்டர்" என்றார்.

"எனக்கும்தான்" என்றார் டொக்டர். "சரி, என்ன செய்வம்?"

அப்பா கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்துகொண்டார். பிறகு, "தாங்கோ கடுதாசியை" என்றார்.

சம்மதப் பத்திரத்தோடு ஒரு நேர்ஸ் மை தோய்த்த பெட்டியையும் கொண்டுவந்தா. அப்பாவின் பெருவிரலைப் பிடித்தா. அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"நான் கைநாட்டு இல்லை. எட்டாம் வகுப்புப் படிச்சனான்."

"தெரியும் ஐயா. கை ஏலாதுதானே, அதாலைதான். நேரமும் போகுது."

மைப்பெட்டியை நான் எடுத்தேன். மூடியை மூடி, என் கையிலேயே வைத்துக்கொண்டேன். "கொஞ்சம் பொறுங்கோ மிஸ்" என்றேன்.

பேனையை அவருடைய விரல்களுக்கு நடுவில் வைத்தேன். விழுந்தது. திரும்ப வைத்தேன். இந்த முறை அவர் கையை முழுதாகப் பொத்தி, கத்தியைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டார். நீ என்று எழுதினார். பிறகு க், அதன் புள்ளி ஒரு அங்குலம் தள்ளி விழுந்தது. வெளியே யாரோ அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்கள். நேர்ஸ் மணிக்கூட்டைப் பார்த்தா. நான் அவவைப் பார்த்தேன். அப்பாவின் நெற்றியில் வியர்வை வந்தது. ஒரு எழுத்தையும் அவர் குறைக்கவில்லை. நீக்கிலாப்பிள்ளை என்று முழுப் பெயரையும் எழுதினார். எழுத்துகள் கோட்டை விட்டு இறங்கி, டொக்டர் ஒப்பம் வைக்கவேண்டிய பெட்டியையும் நிரப்பிக்கொண்டு நின்றன.

"என்ரை இடத்தையும் எடுத்துப்போட்டாரே" என்றார் நிவேதனா டொக்டர்.

"நீங்கள் பக்கத்திலை வையுங்கோ டொக்டர்" என்றேன்.